கோபித்துக்கொண்டு போக அறை இல்லாத வீடு

நடுவர் அவர்களுக்கும், எதிரணியினருக்கும், அவையோருக்கும் வணக்கம். நடுவர் இப்போதே மணியின் மீது விரலை வைத்துவிட்டதால், வணக்கத்தை இத்தோடு நிறுத்திக்கொண்டு நேராக வண்டிக்குள் ஏறிவிடுகிறேன்.

"இல்லறம் சிறப்பது நிலைத்து நிற்கும் வீட்டிலா, ஓடும் வீட்டிலா?" என்பது தலைப்பு. கேரவன் என்று நீங்கள் சொல்லும் ஓடும் வீட்டில் ஆறு ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துகிறவள் என்ற ஒரே தகுதியைப் பார்த்து என்னை இந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், எங்கள் வீட்டின் எட்டு மீட்டர் நீளத்தையும் நாவாலேயே அளந்து காட்டிவிட்டு, "கோபித்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்ள இன்னோர் அறை இல்லாத இடத்துக்கு வீடு என்று பெயரில்லை, பெட்டி என்று பெயர்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். முதல் வரிசையில் என் கணவரும் கைதட்டினார். அதை நான் கவனித்துவிட்டேன். அவரிடம் பிறகு பேசிக்கொள்கிறேன்.

தண்ணீர், மின்சாரம், கழிவு என்று எதிரணித் தலைவர் அடுக்கிய மற்றக் குறைகளை நான் மறுக்கப் போவதில்லை, ஏனெனில் அவை அனைத்தும் உண்மை. சாதாரணக் குளியல் ஷவர் நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும் என்றால், பத்து நிமிடம் பாடிக்கொண்டே குளிப்பவர் 90 லிட்டரைக் காலி செய்துவிடுவார். எங்கள் நன்னீர்த் தொட்டியின் மொத்தக் கொள்ளளவே 150 லிட்டர்தான். ஆகவே நாங்கள் உடலை நனைத்துக் குழாயை மூடி, சோப்புப் போட்டு முடித்து, மறுபடி திறந்து அலசிக்கொள்கிறோம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், அதற்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். அந்தப் பாதியைக் கொண்டு 1,500 வாட் முடி உலர்த்தியை அரை மணி நேரம்கூட ஓட்ட முடியாது. காஸில் ஓடும் எங்கள் ஃபிரிட்ஜுக்குள் அம்மோனியாக் கரைசல் தன் எடையினாலேயே வழிந்து சுற்ற வேண்டியிருப்பதால், வண்டி சாய்ந்து நின்றால் அது குளிராது. போய்ச் சேர்ந்த இடத்தில் முதலில் மட்டம் பார்த்துச் சக்கரத்தின் கீழ் கட்டை கொடுத்த பிறகுதான் பாலை உள்ளே வைப்போம். கழிவறைத் தொட்டியின் அடைப்பானை அது பெரும்பாலும் நிரம்பும்வரை திறக்கக் கூடாது, திறந்தே வைத்திருந்தால் நீர் மட்டும் ஓடிப்போய் மற்றது உள்ளே கோபுரமாக எழும்பி நிற்கும் என்ற உண்மையை நாங்கள் எந்த விதமாகக் கற்றுக்கொண்டோம் என்பதை, அவை நாகரிகம் கருதி, விட்டுவிடுகிறேன்.

ஆனால் அந்த "இன்னோர் அறை"யை மட்டும் நான் விடுவதாக இல்லை.

ஒரு நாள் இரவு. தலை முழுக்க ஷாம்பு நுரையோடு நான் குளியலறைக்குள் நிற்கிறேன். அந்தக் குளியலறையில் முழங்கையை மடக்காமல் திரும்ப முடியாது. குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் "கர்ர்ர்" என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. தொட்டி வற்றிவிட்டால் பம்பு காற்றை இழுத்துக்கொண்டு நிற்காமல் ஓடும். இந்த வாழ்க்கைக்கு வந்தவர்களுக்கு இதைவிடக் கொடிய ஓசை வேறில்லை. வெளியே என் கணவர் அன்றைக்கென்று பார்த்துப் பாத்திரங்களைத் தாராளமாகக் கழுவி, வரிசையாக அடுக்கி, அந்த அழகை ரசித்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளியே வந்து, இருந்த ஒரே ஒரு குடிதண்ணீர்ப் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அவரை நான் பார்த்த பார்வையில் அவர் கையிலிருந்த தட்டு தானாகவே காய்ந்துவிட்டது. அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. எதிரணித் தலைவர் சொன்னது போல எழுந்து போக அறையும் இல்லை. ஒரே மெத்தையில் ஆளுக்கொரு ஓரமாகப் படுத்தோம். மறுநாள் இருநூறு கிலோமீட்டர் தூரம் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பயணம் செய்தோம்.

மாலையில் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தால், வண்டியைப் பின்னோக்கி எடுத்து இரண்டு மரங்களுக்கு நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. எட்டு மீட்டர் வண்டியைத் தனியாகப் பின்னெடுக்க முயல்பவர் ஒன்று மரத்தை இழப்பார், இல்லையென்றால் பின் விளக்கை இழப்பார். இது இன்று நேற்றுத் தோன்றிய சிக்கல் அல்ல. 1885-இல், பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்த கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், இன்பச் சுற்றுலாவுக்கென்றே இரண்டு குதிரைகள் இழுக்கும் 'வாண்டரர்' என்ற வண்டிவீட்டைச் செய்துகொண்டு புறப்பட்டார். வழியில் வருகிறவர்களை எச்சரிக்க, அவருடைய பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே போனார். ஸ்டேபிள்ஸுக்கு முன்னே ஒரு பணியாள் வாய்த்தார் என்றால், என் கணவருக்குப் பின்னே நான் வாய்த்திருக்கிறேன்.

எஞ்சின் சத்தத்தில் குரல் கேட்காது என்பதால் எங்களுக்குள் சைகைகள் உண்டு. கையை வீசினால் வரலாம். பக்கவாட்டில் நீட்டினால் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்தால் உடனே நிறுத்த வேண்டும். நான் இறங்கிப் பின்னால் போய், அவருடைய கண்ணாடியில் தெரியும் இடத்தில் நின்றேன். கோபமாக இருக்கும் மனைவி எப்படி நிற்பாள் என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றேன்.

வண்டி நின்றது. அவர் ஏன் வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை. நான் ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கலாம்தான். ஆனால் யார் முதலில் பேசுவது? அவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார், நான் கண்ணாடியில் அவரைப் பார்க்கிறேன். அவர் வர வர என் கோபம் ஏறுகிறது என்றால்கூடப் பரவாயில்லை, நடுவர் அவர்களே, அவர் வராமல் இருக்க இருக்க அல்லவா என் கோபம் ஏறுகிறது! கோபம் ஏற ஏறக் கட்டிய கை இன்னும் இறுகுகிறது. கை இறுக இறுக அவர் பிரேக்கை இன்னும் அழுத்துகிறார். பக்கத்து வண்டிக்காரர்கள் மடக்கு நாற்காலிகளை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். பத்து நிமிடம் கழித்து அவர் இறங்கி வந்தார்.

"ஏன் நிறுத்தச் சொன்னாய்?"

"நான் எங்கே நிறுத்தச் சொன்னேன்? கோபமாக நின்றுகொண்டிருக்கிறேன்."

நாற்காலிகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

இதே கதையை என் கணவர் சொல்லும்போது முடிவு வேறு மாதிரி இருக்கும். அது சைகை இல்லை என்பது முதல் நிமிடத்திலேயே தமக்குத் தெரிந்துவிட்டதாகவும், என்னைப் பேசவைக்கவே பத்து நிமிடம் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு காத்திருந்ததாகவும் அவர் சொல்வார். அப்படியானால் பத்து நிமிட டீசல் வீணாயிற்றே என்று நான் கேட்டால், "ஓர் அறை கட்டுவதைவிட அது மலிவு" என்பார். எதிரணித் தலைவர் அவர்களே, உங்கள் வீட்டில் அந்த இன்னோர் அறை இருக்கிறது. எங்கள் சண்டை உங்கள் வீட்டில் நடந்திருந்தால் நான் உள்ளே, அவர் வெளியே, நடுவில் ஒரு தாழ்ப்பாள் என்று ஒரு வாரம் ஓடியிருக்கும். பின்னெடுக்க வேண்டிய வண்டி எங்களுக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் தவணை தரவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. இன்னும் ஒரே ஒரு நிமிடம் கேட்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் என் அம்மா படுத்த படுக்கையானார். நாங்கள் பெட்டி கட்டவில்லை, விடுப்புக் கேட்கவில்லை. குடும்பத்தோடு போவதைப் போல வீட்டோடு போனோம். ஐந்து மாதம் எங்கள் வண்டி அம்மாவின் வாசலில் நின்றது. அவர் கட்டிலிலிருந்து பார்த்தால் எங்கள் ஜன்னல் விளக்கு தெரியும். அவரோடும் ஒரு சைகை வைத்துக்கொண்டேன்: இரவில் தலைமாட்டு விளக்கை இரண்டு முறை போட்டு அணைத்தால் நான் வர வேண்டும். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு விளக்கு இரண்டு முறை எரிந்து அணைந்தது. செருப்பில்லாமல் ஓடினேன். "ஒன்றும் வேண்டாம். போய்விட்டீர்களோ என்று நினைத்தேன், அவ்வளவுதான்" என்றார்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் காலையில் புறப்பட்டோம். அந்த வாசலிலிருந்து வண்டியைப் பின்னோக்கித்தான் வெளியே எடுக்க வேண்டும். வழக்கம்போல நான் பின்னால் போய் நின்றேன். கையை வீசி வரச் சொல்ல வேண்டியவள், அந்த இருண்ட ஜன்னலைப் பார்த்தபடி, என்னை அறியாமல் இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டேன்.

வண்டி நின்றது. இந்த முறை அவர் இறங்கி வந்து ஏன் என்று கேட்கவில்லை. எஞ்சினை அணைத்தார். சக்கரத்தின் கீழ் கட்டையைக் கொடுத்து, மட்டம் பார்த்து, பாலை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தார்.