சனிக்கிழமை இரவு ரேடியோ

நேயர்களுக்கு வணக்கம்.

லொரெட்டா லின் என்ற அமெரிக்கப் பாடகியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பாடியது 'கன்ட்ரி', அதாவது அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த இசை. வானொலியில் அவரைப் பற்றிப் பேசுவதில் எனக்குத் தனி சந்தோஷம். அவரை வளர்த்ததே வானொலிதான்.

கென்டக்கி மாநிலத்து மலைகளுக்கு நடுவே புட்சர் ஹாலோ. 1932-இல் அங்கே பிறந்தார். அப்பா டெட் வெப் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர் இரண்டாவது. பேட்டரி ரேடியோ ஒன்று இருந்தது. பேட்டரி ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சிக்கனம் தெரியும். நினைத்த நேரமெல்லாம் திருக முடியாது. சனிக்கிழமை இரவு டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரிலிருந்து 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வரும். மேடையில் பாடுவதை நேரடியாக ஒலிபரப்பும் கன்ட்ரி இசை நிகழ்ச்சி அது. அதற்காகவே பேட்டரியைக் காப்பாற்றி வைப்பார்கள்.

15 வயதில் கல்யாணம். கணவர் ஆலிவரோடு நாட்டின் மறுகோடிக்கு, வாஷிங்டன் மாநிலத்துக்குப் போனார். அடுத்தடுத்து நான்கு பிள்ளைகள். மனைவியின் குரலில் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டவர் அந்தக் கணவர்தான். 17 டாலருக்கு ஒரு கிதார் வாங்கிக் கொடுத்தார். சொல்லித்தர ஆளில்லை, தானே தடவித் தடவிக் கற்றுக்கொண்டார்.

1960-இல் முதல் இசைத்தட்டு. சின்னக் கம்பெனி, விளம்பரத்துக்குப் பணமில்லை. கணவனும் மனைவியும் காரில் கிளம்பிவிட்டார்கள்! வழியில் எந்த ஊரில் வானொலி நிலையம் தென்பட்டாலும் வண்டியை நிறுத்துவார்கள். உள்ளே போய் இசைத்தட்டை நீட்டி, "இதைக் கொஞ்சம் போடுங்களேன்" என்று கேட்பார்கள். காரிலேயே சாப்பாடு, காரிலேயே தூக்கம். பெரிய மனிதர் சிபாரிசு எதுவுமில்லை, நேயர்களே. நிலையம் நிலையமாகக் கையில் கொண்டுபோய்க் கொடுத்த பாட்டு அது. பிரபலமான பாடல்களை வரிசைப்படுத்தும் 'பில்போர்டு' பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் 14-ஆம் இடம் பிடித்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் 'ஆப்ரி' மேடையில் நின்று பாடினார். சின்ன வயதில் சனிக்கிழமை இரவு காத்திருந்து கேட்ட அதே நிகழ்ச்சி!

அதைக் கேட்க அப்பா இல்லை. 1959-லேயே போய்விட்டார். ஒரே ஒரு வருஷம்... இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்த அப்பாவுக்காகத்தான் 1970-இல் 'நிலக்கரித் தொழிலாளியின் மகள்' என்ற பாட்டு வந்தது. துணி துவைக்கும் பலகையில் தேய்த்துத் தேய்த்து ரத்தம் கசிந்த அம்மாவின் விரல்கள்கூட அதில் இருக்கின்றன. லொரெட்டா எழுதிக் கொண்டுவந்த பாட்டு இன்னும் நீளம். தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சில சரணங்களைக் குறைக்கச் சொல்லிவிட்டார். அந்தச் சரணங்களை நினைத்து நான் இன்னும் ஏங்குகிறேன்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். 1972-இல் கன்ட்ரி இசைச் சங்கம் ஆண்டின் சிறந்த கலைஞராக அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த விருது ஒரு பெண்ணுக்குப் போனது அதுவே முதல் முறை. 1975-இல் கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பாடினார். பல நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. பெண்கள் தேடித் தேடி வாங்கிக் கேட்டார்கள். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைப்பட்டேன், முடியவில்லை. 2022-இல், 90 வயதில், டென்னசியில் தம் வீட்டில் காலமானார்.

வணக்கம்.