ஆறு கடந்த பின்னும் அண்ணன் தம்பி

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் விளையாட்டு மன்றத் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாக உரையாற்றி அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற மாவட்டக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்துதவிய அறக்கட்டளைச் செயலாளர் அவர்களே, ஒரு காலத்தில் திருச்சி மாவட்டத்துக்காகக் கால்பந்தாடி, இன்று கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் என் ஆசான் அவர்களே, உடற்கல்வி ஆசிரியப் பெருமக்களே, பரிசு வாங்க வந்திருக்கும் செல்வங்களே, அந்தச் செல்வங்களை விடியற்காலையில் எழுப்பி மைதானத்துக்கு அனுப்பிவைத்த தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மன்றத் தலைவர் ஐயாவைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் நான் பேச்சைத் தொடங்கினால் அது நன்றி மறந்த செயலாகும். சொந்த நிலத்தை விற்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கைப்பந்து ஆடுகளம் அமைத்துக் கொடுத்தவர் அவர். அந்தக் களத்தில் யார் பிள்ளை, எந்தத் தெரு என்று இன்றுவரை ஒருவரையும் அவர் கேட்டதில்லை. அதனால்தான் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளை அவர் முன்னிலையில் பேசுவதைப் பெரும்பேறாகக் கருதுகிறேன்.

'பிறந்த மண்ணும் விளையாட்டும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஒரு வீரர் எந்த நாட்டுக்காக ஆட உரிமையுள்ளவர் என்பதை முடிவு செய்வது அவர் பிறந்த இடமா, அவருடைய பெற்றோர் பாட்டன்மார் வழியா, அவர் வாழ்ந்து உழைத்த காலமா என்ற மூன்று கேள்விகளையும் வரிசையாக எடுத்துக்கொள்கிறேன். இந்த மூன்றுக்கும் நடுவில் நம் பெரியவர்கள் சொல்லிவைத்த ஒரு பழமொழி என்னை விடாமல் துரத்துகிறது: 'ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யாரோ, நான் யாரோ.' ஒருவருடைய தயவு தேவைப்படும் வரையில் உறவு கொண்டாடிவிட்டு, கரையேறியதும் கைவிடுகிற மனிதர்களைப் பற்றிய பழமொழி இது. நாடுகளும் அப்படி நடந்துகொள்வது உண்டு.

பிறந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். 2016ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி, பிரான்சு நாட்டின் லான்ஸ் நகரத்தில், ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் சுவிட்சர்லாந்தும் அல்பேனியாவும் மோதின. சுவிட்சர்லாந்து அணியில் கிரானிட் ஜாக்கா ஆடினார். அல்பேனிய அணியில் டாலண்ட் ஜாக்கா ஆடினார். இருவரும் உடன்பிறந்த அண்ணன் தம்பிகள். டாலண்ட் மூத்தவர், கிரானிட் இளையவர். இருவரும் பிறந்தது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில். பந்து பழகியதும் அதே ஊர்க் கழகத்தில். ஐரோப்பியக் கோப்பை வரலாற்றில் அண்ணனும் தம்பியும் எதிரெதிர் அணிகளில் நின்றது அதுவே முதல் முறை. அன்றைக்குப் பார்வையாளர் வரிசையில் அவர்களைப் பெற்ற தாய் அமர்ந்திருந்தார். தாய்மார்களே, அந்த அம்மா எந்தச் சட்டை அணிந்திருந்தார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பாதி சுவிட்சர்லாந்துக் கொடி, மறுபாதி அல்பேனியக் கொடி என்று நடுவில் தைத்து இணைத்த சட்டையை அணிந்திருந்தார். ஒரு பிள்ளையின் அணி கோல் அடித்தால் மற்றப் பிள்ளையின் அணி தோற்கிறது. அந்தத் தாய் யாருக்காகக் கைதட்டுவார்? ஆட்டம் தொடங்கி ஐந்தாவது நிமிடத்திலேயே சுவிட்சர்லாந்து தலையால் முட்டி ஒரு கோல் அடித்தது. அந்த ஒரே கோலில் தம்பியின் அணி வென்றது, அண்ணனின் அணி தோற்றது.

இந்தக் கதையின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கொசோவோவிலிருந்து வந்தவர்கள். தந்தை இளைஞராக இருந்தபோது அன்றைய யூகோஸ்லாவிய அரசுக்கு எதிரான போராட்டத்தில் கலந்துகொண்டு, மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கிடந்தவர். வெளியே வந்தவர் மனைவியோடு பாசல் நகரத்தில் அடைக்கலமானார். அவருடைய மூத்த மகன் அல்பேனியாவையும் இளைய மகன் சுவிட்சர்லாந்தையும் தேர்ந்தெடுத்த காலத்தில், பெற்றோர் பிறந்த கொசோவோவுக்குப் பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பில் இடமே இல்லை. அந்த இடம் கிடைத்தது 2016 மே மாதத்தில், அதாவது அண்ணனும் தம்பியும் களத்தில் சந்திப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால். தந்தை எந்த மண்ணுக்காகச் சிறை சென்றாரோ அந்த மண்ணின் பெயரால் ஆடும் வாய்ப்பே மகன்களுக்கு இல்லாமல் போயிற்று. இப்படிப்பட்ட குடும்பத்தைப் பார்த்து 'நீ எந்த நாட்டுக்காரன், ஒரே சொல்லில் பதில் சொல்' என்று கேட்பவர்களுக்கு மனிதர்களின் வாழ்க்கை தெரியாது என்றே நான் சொல்வேன். அந்தத் தாயின் சட்டையை நான் நாள்தோறும் நினைத்துக்கொள்கிறேன்.

இனி, பாட்டன் வழி. 1961ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தொழிலாளர்களை வரவழைத்தது. அப்படித் துருக்கியிலிருந்து போன குடும்பம் ஒன்றின் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைதான் மெசுட் ஓசில். சுரங்கத் தொழில் நகரமான கெல்சன்கிர்ஷனில் பிறந்தவர், 2014இல் ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தவர். 2018இல் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் துருக்கி அதிபரோடு அவர் நின்ற ஒரு புகைப்படத்தை வைத்து, தோல்வியின் பழி முழுவதும் அவர் தலையில் சுமத்தப்பட்டது. வென்றால் நான் ஜெர்மானியன், தோற்றால் நான் குடியேறியவன் என்று மனம் நொந்து எழுதிவிட்டு அவர் நாட்டு அணியிலிருந்து விலகினார். ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி. ஆறு கடந்தால் நீ யாரோ, நான் யாரோ. ஆனாலும் ஜெர்மனியைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பரம்பரையை மட்டுமே பார்த்துக் குடியுரிமை வழங்கிவந்த அந்த நாடு, நீண்ட காலம் முறையாகக் குடியிருக்கும் வெளிநாட்டவருக்குத் தன் மண்ணில் பிறக்கும் பிள்ளைகளும் தன் குடிமக்களே என்று 2000ஆம் ஆண்டு முதல் சட்டத்தை மாற்றிக்கொண்டது. மனம் வைத்தால் சட்டம் மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி, வாழ்ந்து உழைத்த காலம். இதற்கு நமக்கு நெருங்கிய சான்றுக்கு வருகிறேன். டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரனை அறியாத பிள்ளை இந்த அரங்கத்தில் இருக்க முடியாது. அவருடைய பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்துக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். அப்படிப் போனவர்களின் உழைப்பில்தான் இலங்கைத் தேயிலை உலகச் சந்தைக்குப் போயிற்று. அந்த நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. ஏறத்தாழ ஏழு லட்சம் மலையகத் தமிழர்கள் ஒரு நாளும் எல்லை தாண்டாமலேயே நாடற்றவர்கள் ஆனார்கள். காட்டை அழித்துத் தோட்டம் போடும் வரை அண்ணன் தம்பி. போட்ட பிறகு நீ யாரோ, நான் யாரோ. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள்; மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அந்த மக்களில் ஒருவரைக்கூடக் கூப்பிட்டு, 'ஐயா, உங்களுக்கு எங்கே இருக்க விருப்பம்?' என்று கேட்காமலேயே கையெழுத்துப் போட்டார்கள்.

முரளிதரனுடைய தந்தை கண்டிக்கு அருகில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலைக்குத் தீ வைத்தார்கள். அப்போது முரளிக்கு வயது ஐந்து. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் அதே நாட்டுக்காக உலகக் கோப்பை வென்ற அணியில் நின்றான். 1999 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மைதானத்தில் அவர் பந்தை எறிவதாக நடுவர் நோபால் கொடுத்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்கா தன் வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று, ஆட்டத்தையே நிறுத்திப் போராடினார். அவர் சிங்களவர், இவர் தமிழர். ஆற்றைக் கடந்த பின்னும் அண்ணனாகவே நின்ற மனிதர் அவர். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. நாட்டின் சட்டமும் ஒருநாள் வழிக்கு வந்தது. எஞ்சியிருந்த நாடற்ற மலையகத் தமிழர்களுக்குக் குடியுரிமை தருவதற்கு 2003ஆம் ஆண்டில் இலங்கை நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

ஆனால் அந்தச் சட்டம் வருவதற்குள் கலவரத்துக்கு அஞ்சிக் கடல் கடந்து இங்கே வந்துவிட்டவர்கள் என்ன ஆனார்கள்? பெரியோர்களே, இந்த மண்டபத்திலிருந்து கூப்பிடு தொலைவில்தான் கொட்டப்பட்டு என்ற ஊரின் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் இருக்கிறது. தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்கிறார்கள். அவர்களில் பலர் மலையக வழியினர். இந்த மண்ணிலிருந்து போன பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள். அங்கே அவர்களை இந்தியத் தமிழர் என்று ஒதுக்கினார்கள். இங்கே சிலோன்காரர் என்று ஒதுக்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கைப்பந்துத் தேர்வுக்கு நான் பார்வையாளனாகப் போயிருந்தேன். முகாமைச் சேர்ந்த பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, வலைக்கு மேல் எழும்பி அடித்த அடியில் எதிர்ப்பக்கத்தில் இருந்த மூவரும் பந்தைத் தொட முடியாமல் நின்றார்கள். பிறகு படிவம் நிரப்பும் நேரம் வந்தது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் அந்தப் பெண் மணிமணியான கையெழுத்தில் 'திருச்சிராப்பள்ளி' என்று எழுதினாள். அடுத்த கட்டம் குடியுரிமை. பேனாவின் முனை அந்தக் கட்டத்தின் மேலே நின்றுவிட்டது. வெளிநாட்டுப் போட்டிக்கான தேர்வு என்பதால் கடவுச்சீட்டின் நகலையும் இணைக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் படிவத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தன்னோடு வந்த தோழியின் படிவத்தை நிரப்ப உதவி செய்தாள்.

அந்தப் பெண்ணுக்கு எது குறை? பிறந்த இடம் இதே ஊர். முன்னோர் வழி இதே மாநிலம். வாழ்ந்த காலம் என்று பார்த்தால் வேறு எந்த நாட்டின் மண்ணையும் அவள் மிதித்ததில்லை. நான் தொடக்கத்தில் சொன்ன மூன்று அளவைகளில் எதை வைத்து அளந்தாலும் அவள் நம் வீட்டுப் பிள்ளை. கால்பந்துக் கூட்டமைப்பு வகுத்திருக்கும் விதியில் பாட்டன் பாட்டி பிறந்த இடத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் முதலில் அந்த நாட்டின் குடியுரிமை கையில் இருக்க வேண்டும். இந்திய அணிகளுக்கு இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் மட்டுமே ஆடலாம் என்று நம் அரசு 2008இல் முடிவெடுத்தது. ஜப்பானில் பிறந்த அராட்டா இசுமி, அந்நாட்டுக் குடியுரிமையை விட்டு இந்தியரான பிறகே 2013இல் நம் அணியில் ஆட முடிந்தது. அவரை வரவேற்றோம், அது நம் பெருமை. ஜப்பானில் பிறந்தவருக்குத் திறந்த கதவு, திருச்சியில் பிறந்தவளுக்கு ஏன் மூடியிருக்கிறது?

சட்டம் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். 1987 ஜூலை முதல் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவருக்கு ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். போருக்குத் தப்பித் தோணியில் வந்தவர் கையில் எந்த முத்திரை இருந்திருக்கும்? 2019இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லி, இலங்கையைச் சொல்லாமல் விட்டுவிட்டது. நீதிமன்றம் மட்டும் அவ்வப்போது கதவைத் தட்டுகிறது. அதே 2019இல், இந்தத் திருச்சி முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர் 65 பேரின் கோரிக்கையைப் பரிவோடு ஆராய வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரின் முகாமில் 1986இல் பிறந்த பெண் ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022இல் ஆணையிட்டது. அவர் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தார். அவருக்குக் கிடைத்தது, 1987 ஜூலைக்குப் பின் பிறந்த அவருடைய பக்கத்துவீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காது.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், பரிசளிப்பு காத்திருக்கிறது. மண்டப வாயிலில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மேசையில் ஒரு மனு வைத்திருக்கிறோம். இந்திய மண்ணில் பிறந்த முகாம் பிள்ளைகளுக்கும், மலையக வழி வந்த அவர்களுடைய பெற்றோருக்கும் குடியுரிமை வழங்க வேண்டும், அதுவரை மாநில, தேசியப் போட்டிகளில் முகாம் அடையாள அட்டையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளே அதில் உள்ளன. உடற்கல்வி ஆசிரியர்கள் தங்கள் பள்ளியில் முகாம் பிள்ளைகள் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதையும் கூடவே எழுதிக் கொடுத்தால் மனுவுக்கு வலு சேரும். வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் இதைக் கொடுக்கப் போகிறோம். காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலக வாயிலுக்கு வந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.