ஆட்சி மாறிய மறுநாளும் வந்த உப்புமா

(நூலக வாசகர் வட்டம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை, எழுத்துக்கு ஏற்பச் சற்றே செப்பனிடப்பட்டது.)

தலைவர் அவர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, தாய்மார்களே,

'கட்சி அரசியலுக்கு அப்பால் பொதுத்தொண்டு' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். தலைப்பைப் பார்த்ததும் எனக்குச் சிறிது தயக்கம் வந்தது. இப்படிப்பட்ட தலைப்பில் பேச வருகிறவர்கள் எல்லாக் கட்சிகளையும் வரிசையாகத் திட்டித் தீர்த்து, அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று பெருமூச்சு விட்டு, போர்த்திய சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது வழக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளியில் வேலை பார்த்த எனக்கு அப்படிப் பேச வாய் வராது. கட்சிகள் என்று ஒன்று இல்லாதிருந்தால் என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளில் பலர் ஆடு மேய்க்கப் போயிருப்பார்கள். ஆகவே பள்ளிச் சமையற்கூடத்திலிருந்து தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்த அரசியல் அங்கேதான் இருக்கிறது.

1967 மார்ச் மாதம். நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் பள்ளியில் மதிய உணவு என்பது, அமெரிக்காவின் கேர் நிறுவனம் அனுப்பிய மஞ்சள் சோளத்தில் கிண்டிய உப்புமாவும் பால்பொடி கரைத்த பாலும்தான். தேர்தலில் காங்கிரஸ் தோற்று, மார்ச் 6ஆம் நாள் அண்ணா முதலமைச்சராகப் பதவியேற்றார். எங்கள் ஊரில் ஒரு தெருவில் வெடி வெடித்தார்கள், அடுத்த தெரு வாயடைத்துக் கிடந்தது. பிள்ளைகளுக்கோ வேறு கவலை. காமராசர் போட்ட சோறு, அவர் கட்சி போனால் சோறும் போய்விடும் என்று ஒரு பையன் கிளப்பிவிட்டிருந்தான். மறுநாள் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை எங்களுக்குப் பாடத்தில் புத்தி செல்லவில்லை. மணி அடித்தது, அலுமினியத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், உப்புமா இருந்தது. அன்றைக்கு அது எத்தனை பெரிய செய்தி என்று எங்களுக்குத் தெரியாது.

அந்தத் தட்டின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று வரம்பும் வைத்தார்கள். ஆங்கிலேய அரசு தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குப் பணம் எடுக்க ஒப்பாததால் 1925இல் அது நின்றுபோயிற்று. அது நீதிக்கட்சியின் காலத்து வேலை. அந்தக் கட்சிக்கு நேரெதிரே நின்ற காங்கிரசின் முதலமைச்சர் காமராசர்தான் 1956இல் அதே எண்ணத்தை மாநிலம் முழுவதற்குமாக எடுத்தார். தொடக்கத்தில் அரசுக் கருவூலம் திறக்கவில்லை; ஊர் மக்கள் கொடுத்த அரிசியிலும் காய்கறியிலும் நன்கொடையிலும்தான் உலை வைத்தார்கள். கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களைக் கூட்டிப் பேசினார். அரசு மானியம் பிறகுதான் வந்தது. பொதுத்தொண்டு என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் அந்த முதல் சில மாதங்கள்தாம். வீட்டு அடுப்பில் அளந்து போடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஊர்ப் பிள்ளைக்காகத் தனியே வைத்த தாய்மார்கள் அந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை, அதன் அப்பன் எந்தக் கட்சி என்று கேட்டிருக்க முடியாது.

பிறகு 1982 ஜூலை 1ஆம் நாள் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆதரவற்ற பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் அதில் வேலை கொடுப்பதில் முன்னுரிமை தந்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அன்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, 'பள்ளிக்கூடத்தைச் சத்திரமாக்கிவிட்டார்கள்' என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சிறு வயதில் தின்ற உப்புமா அதற்குள் மறந்துபோயிருந்தது. 1989இல் கலைஞர் ஆட்சிக்கு வந்தபோது, எதிரியின் திட்டம் என்று அதைக் கைகழுவியிருக்கலாம். அவர் அதில் முட்டையைச் சேர்த்தார். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, பிற்பாடு பள்ளி நாட்களில் அன்றாடம் ஒன்று என்றாயிற்று. 2013இல் ஜெயலலிதா அம்மையாரின் அரசு வெறும் சோறு சாம்பாரை மாற்றிக் கலவை சாதங்களைக் கொண்டுவந்தது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் மு. க. ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளை இன்று காலையில் ஒரு கட்சியின் காலத்துச் சாப்பாட்டையும், மதியம் எம்.ஜி.ஆர். பெயரை இன்னமும் தாங்கி நிற்கும் திட்டத்தின் சோற்றையும், அதன் மேல் மூன்றாமவர் வைத்த முட்டையையும் உண்கிறது. மேடையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்களெல்லாம் அந்தத் தட்டில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் இதைத் தியாக உணர்வால் மட்டும் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தினால் தாய்மார்கள் வாக்குப் போட மாட்டார்கள் என்ற பயமும் அதில் இருந்தது. அந்தப் பயம் நல்ல பயம்.

எங்கள் பள்ளியில் நெடுங்காலம் சமையலராக இருந்த அம்மா ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை பத்து மணிக்கு வகுப்பாசிரியர்கள் வருகைக் கணக்கைச் சொல்வார்கள். அமைப்பாளர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம், ஆறாம் வகுப்புக்கு மேல் 150 கிராம் என்று அரிசியை நிறுத்துக் கொடுப்பார். அந்த அம்மா ஒரு கட்சியின் தீவிரப் பற்றாளர். தேர்தல் வந்தால் சேலைக் கரையிலேயே கொடியின் நிறம் தெரியும், அவர் வீட்டுக்காரர் கொடி கட்டிய சைக்கிளில்தான் வருவார். எதிர்க்கட்சிக்காரர் ஒருவரோடு அந்தக் குடும்பத்துக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. வாய்க்கால் தகராறு தேர்தலோடு சேர்ந்துகொண்டு காவல் நிலையம்வரை போயிருந்தது. அந்த மனிதரின் கடைசிப் பையன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். முட்டை போடுகிற நாளில் அவனுக்கு ஓட்டை உரிக்கத் தெரியாது. சோற்றோடு சேர்த்து நசுக்கிவிடுவான். ஒருநாள் அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்து, முட்டையைத் தட்டின் விளிம்பில் தட்டி உரித்து, நான்காகக் கிள்ளி அவன் சோற்றில் வைத்ததை நான் வராந்தாவிலிருந்து பார்த்தேன். அதன் பிறகு முட்டை நாட்களில் அவனே நேராக அவரிடம் போய்த் தட்டை நீட்டினான். அந்த அம்மா கட்சியை விட்டுவிடவில்லை. அடுத்த தேர்தலிலும் அதே கரைச் சேலைதான். கட்சி அரசியலைக் கடப்பது என்று நீங்கள் அச்சிட்டிருப்பதற்கு இதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. அவரைப் போன்ற பல்லாயிரம் பேர் முறையான காலமுறை ஊதியத்துக்காக இன்றும் போராடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும், எந்த ஆட்சியும் அந்தக் கோரிக்கையை முழுமையாக நிறைவேற்றவில்லை என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் அரைக் கணக்குச் சொன்னவனாவேன்.

சோற்றில் கிடைத்த இந்தத் தொடர்ச்சி பாடநூலில் கிடைக்கவில்லை. 2010இல் ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் சமச்சீர்க் கல்விப் பாடநூல்கள் வந்தன. மறு ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் அச்சாகித் தயாராக இருந்தன. 2011 மே மாதத்தில் ஆட்சி மாறியதும் அதை நிறுத்திவைத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று நடந்தது. ஆகஸ்ட் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் புத்தகங்களைக் கொடுக்கச் சொல்லும்வரை, பள்ளி திறந்து ஏறத்தாழ இரண்டு மாதம் பிள்ளைகள் பாடநூல் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பழைய கதைகளைச் சொன்னோம், வாய்ப்பாடு சொல்ல வைத்தோம், விளையாட விட்டோம். கடைசியில் புத்தகம் வந்தபோது சில பக்கங்களை மறைத்துத் தாள் ஒட்ட வேண்டியிருந்தது. மாலையில் ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து பசையும் கத்தரிக்கோலுமாக ஒட்டினோம். மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் முதலில் செய்த வேலை, ஒட்டிய தாளை எச்சில் தொட்டு உரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததுதான். அந்த ஆண்டில் அத்தனை கவனமாகப் படிக்கப்பட்ட பக்கங்கள் வேறில்லை. சிரித்துவிட்டோம், ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை இழந்த அந்த இரண்டு மாதத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

பத்து ஆண்டு கழித்து, 2021இல் மீண்டும் ஆட்சி மாறியது. முந்தைய முதலமைச்சர்களின் படம் அச்சிட்ட பள்ளிப் பைகள் கிடங்கில் கிடந்தன. படத்தோடு அப்படியே கொடுத்துவிடுங்கள் என்று புதிய அரசு முடிவு செய்தது. சின்னச் செயல்தான். ஆனால் 2011இல் பசையோடு உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் செய்தியை நாளிதழில் இரண்டு முறை படிக்கத் தோன்றியது.

இனி நான் சொல்லப்போவது இந்த அவையில் சிலருக்கு உவப்பாக இராது. கட்சியை அகற்றிவிட்டால் தொண்டு தானே தழைக்கும் என்கிறீர்களே, நம் ஊராட்சிகளைப் பாருங்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிக்கும் கட்சிச் சின்னத்துக்கும் இடமில்லை. பூட்டு சாவி, கை உருளை, ஆட்டோ என்று எதையாவது கொடுப்பார்கள். சட்டம் கட்சியை வெளியே நிறுத்திவிட்டது. காலியான நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தார்கள்? பல ஊர்களில் சாதி. சில ஊர்களில் பணம். தலைவர் பதவியைக் கோயில் திடலில் ஏலம் விட்ட செய்திகளை நாம் தேர்தல்தோறும் படிக்கிறோம். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட காரணத்தாலேயே 1996இலிருந்து பத்து ஆண்டுகள் முறையான தலைவர் இல்லை. யாரும் மனு போடவில்லை, போட்டு வென்றவர் உடனே விலக வைக்கப்பட்டார். 2006இல்தான் அங்கே தேர்தல் நின்று நிலைத்தது. அதே மாவட்டத்து மேலவளவில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. சத்துணவுக் கூடமும் இதற்குத் தப்பவில்லை: 2018இல் அவிநாசிப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் கூடி நின்றார்கள். இவை எவற்றிலும் கட்சிச் சண்டை கிடையாது. அந்த ஊர்களில் பல கட்சிக்காரர்களும் ஒற்றுமையாகத்தான் இருந்திருப்பார்கள். அந்த ஒற்றுமைதான் அங்கே கேடு. ஆகவே 'கட்சி சார்பற்றவர்' என்று யாராவது தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டால், வேறு எதைச் சார்ந்தவர் என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்வது வழக்கம்.

அப்படியானால் பிடித்துக்கொள்ள என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். கணக்கு இருக்கிறது. உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைதோறும் பேசுகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளில் குடவோலை முறையைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது பிராமணர்களின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டும் இடம் தந்தது. அதை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிட்டுப் பூரிப்பது சரியில்லை. ஆனால் அதில் ஒரு விதி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது: வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், உறுப்பினனாக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது; அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னால், கணக்குக் காட்டாதவனின் மைத்துனனையும் அண்ணன் தம்பியையும்கூட வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். பினாமி என்ற சொல் தெரியாவிட்டாலும் விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று நம் கையில் கிராம சபை இருக்கிறது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் பிற்பாடு சேர்த்தார்கள். வரவு செலவை அங்கே வாசிக்க வேண்டும். 2016 இறுதியிலிருந்து 2019 இறுதிவரை வழக்கும் வார்டு மறுவரையறையுமாக இழுத்தடித்து, தேர்தலே நடத்தாமல் தனி அலுவலர்களிடம் ஊராட்சிகளை விட்டுவைத்திருந்தபோது, அதற்காகத் தெருவுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? கட்சிகளைக் குறை சொல்லுமுன் நம்மையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நானும் வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் கிராம சபைக்குப் போகத் தொடங்கினேன். முதல் தடவை பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. தீர்மான ஏட்டில் கையெழுத்து வாங்கினார்கள், தேநீர் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓர் அக்டோபர் 2ஆம் நாள் துணிந்து எழுந்து, குடிநீர்ச் செலவை மட்டும் வரி வரியாக வாசியுங்கள் என்று கேட்டேன். ஊராட்சிச் செயலர் சற்றுத் திகைத்து, பிறகு வாசித்தார். மோட்டார் பழுதுபார்த்த செலவு ஆறு மாதத்தில் நான்கு முறை வந்தது. பின்வரிசையிலிருந்து தலைவரின் சொந்தக் கட்சிக்காரரே ஒருவர் எழுந்து, 'வடக்குத் தெரு மோட்டார் சித்திரையிலிருந்து ஓடவே இல்லையே, ஓடாத மோட்டாரை எப்படிப் பழுது பார்த்தீர்கள்?' என்று கேட்டார். கூட்டம் சிரித்தது, அதன் பிறகு அமைதியாயிற்று. அதற்குமுன் ஒருவரோடொருவர் பேசாத இரண்டு கட்சிக்காரர்கள் செயலரின் மேசைக்கு வந்து பற்றுச்சீட்டுகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அன்று தேநீர் ஆறிப்போயிற்று. நான்கு பற்றுச்சீட்டில் இரண்டு கிடைத்தன. மற்ற இரண்டையும் அடுத்த கூட்டத்தில் வைப்பதாக ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு நான் ஏட்டின் அந்தப் பக்க எண்ணைத் துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு போனேன். எனக்கு முன்பே வடக்குத் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் காலிக் குடங்களோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.