ஆறாம் வார்த்தையின் இலக்கணம்

சபையாருக்கு வணக்கம்.

சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஆறாவது, யோவான் 19:30இல் வரும் “முடிந்தது”; கிரேக்க மூலத்தில் ‘டெடெலெஸ்டாய்’ என்னும் ஒரே சொல். பெரிய வெள்ளியன்று அதைத் தியானிக்க எழுந்து நிற்கும் பிரசங்கியார்கள் பலர் ஒரே செய்தியைச் சொல்வார்கள்: “டெடெலெஸ்டாய் என்பது அந்நாளில் ரசீதுகளில் எழுதிய சொல். கடன் முழுவதும் தீர்ந்தது என்று பொருள்.” கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆதாரம்தான் மெலிந்து கிடக்கிறது. எகிப்தில் கிடைத்த, பாப்பிரஸ் என்னும் நாணல் தாளில் எழுதிய சுங்க ரசீதுகளில் ‘டெடெல்’ என்றொரு சுருக்கம் உண்டு. முதலில் பதிப்பித்தவர்கள் அதை டெடெலெஸ்டாய் என்று விரித்தார்கள். சுங்கம் செலுத்துவதைக் குறிக்கும் வேறொரு வினையின் சுருக்கம் அது என்று பின்வந்த அறிஞர்கள் கண்டார்கள். டெடெலெஸ்டாய்க்கு அடியான டெலெயோ என்னும் வினைக்கு வரி செலுத்துதல் என்ற பொருளும் உண்டு, மறுக்கவில்லை. மத்தேயு 17:24இல் அப்படித்தான் வருகிறது. ஆனால் யோவான் 19இல் கடன் கொடுத்தவனும் இல்லை, வரி கேட்பவனும் இல்லை.

ரசீதை விட்டுவிட்டு வினைவடிவத்தைப் பாருங்கள். முதலெழுத்து இரட்டித்து ‘டெ-டெ’ என்று நிற்கிறதே, அதுதான் கிரேக்க நிறைவுக் காலத்தின் அடையாளம். செயல் முடிந்தது, அதன் விளைவு இப்போதும் நிலைத்திருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும் காலம் அது. தமிழில் இதற்கு வழியில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். சோதனைக்காரனுக்கு இயேசு சொன்ன ‘கெக்ராப்டாய்’ என்ற சொல்லை நம் பழைய மொழிபெயர்ப்பு “எழுதியிருக்கிறதே” என்று தருகிறது. எழுதியதும் உண்டு, எழுத்து இன்றும் அங்கே இருப்பதும் உண்டு. அந்த ‘இருக்கிறது’ கிரேக்கத்துக்கு நேர் நிற்கிறது. ரோம ஆளுநன் பிலாத்துவும் யோவான் 19இல், 22ஆம் வசனத்தில், சிலுவையின் மேல் தான் எழுதிவைத்ததைப் பற்றி நிறைவுக் காலத்தில்தான் பேசுகிறான்: “நான் எழுதினது எழுதினதே.” மாற்ற முடியாது என்கிற அதிகாரியின் பிடிவாதம் அந்த ஏகாரத்தில் ஒலிக்கிறது.

அப்படியிருக்க, அந்தப் பழைய மொழிபெயர்ப்பில் முப்பதாம் வசனத்தில் வெறும் “முடிந்தது” என்று வருவது எனக்குச் சற்றுக் குறைவாகவே படுகிறது. கதை முடிந்தது, ஆயுள் முடிந்தது என்றும் அதைக் கேட்கலாம். கத்தோலிக்கத் திருவிவிலியத்தின் “எல்லாம் நிறைவேறிற்று” மேலானது. ஆனால் அந்த ‘எல்லாம்’ முப்பதாம் வசனத்தின் மூலத்தில் இல்லை. அங்கே எழுவாயே கிடையாது. ஒரே சொல், அவ்வளவுதான். 28ஆம் வசனத்தில்தான் ‘எல்லாம்’ இருக்கிறது, இதே வினை இதே வடிவத்தில் வருகிறது. அங்கேயே வேதவாக்கியம் நிறைவேறுவதற்கு வழக்கமான வினையை விட்டுவிட்டு, டெலோஸ், அதாவது இலக்கு, முடிவு என்ற அதே வேரிலிருந்து வேறொரு வினையை யோவான் எடுக்கிறார். தற்செயலாக எடுத்ததென்று என்னால் நம்ப முடியவில்லை. ஆகவே முப்பதாம் வசனத்தின் எழுவாயை 28இலிருந்து கொண்டுவருவதே நேர்மையான உரை, ரசீதிலிருந்து அல்ல.

இன்னொன்று. காடியை வாங்கினார், சொன்னார், ஆவியை ஒப்புக்கொடுத்தார் என்னும் வினைகள் எல்லாம் அயோரிஸ்ட், நடந்ததை நடந்ததாகச் சொல்லிச் செல்லும் கதைக்காலம். அவர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல் மட்டுமே நிறைவுக் காலத்தில் நிற்கிறது.