இலை மறைவிலிருந்து ஒரு குரல்

வணக்கம். பறவை பார்க்கிறவர்கள் நிறைய பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பச்சை இலைக்கதிர்குருவி, பேரலகு இலைக்கதிர்குருவி ஆகிய இரண்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இரண்டும் வலசை வருபவை. குளிர்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இரண்டுமே இருக்கும். முதுகு மங்கிய பச்சை, வயிறு அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேலே வெளிறிய புருவக்கோடு, இறக்கையில் மெல்லிய பட்டை. இந்த வர்ணனை இரண்டுக்குமே பொருந்தும். சிக்கலே அதுதான்.

பார்த்துப் பிரிக்க அடையாளங்கள் இல்லாமல் இல்லை. பச்சை இலைக்கதிர்குருவி 10, 11 சென்டிமீட்டர்தான். மற்றது ஏறக்குறைய 13. ஆனால் உச்சிக்கிளையில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும் குருவியை எதோடு வைத்து அளப்பது? இறக்கைப் பட்டையும் நம்பகமானதல்ல, சிறகு தேயத் தேய அது மங்கி, சில சமயம் காணாமலே போய்விடும். அலகைப் பார்க்கலாம். பச்சையின் கீழலகு பெரும்பாலும் வெளிர் ஆரஞ்சாக இருக்கும். பேரலகுக்கு அது நீண்டு, கருத்து, அடிப்பகுதியில் மட்டும் வெளுத்திருக்கும். என்னைக் கேட்டால், கண்ணால் பார்ப்பவற்றில் முகம்தான் நல்ல அடையாளம். பேரலகுக்குக் கண் வழியாகப் போகும் கருங்கோடு அகலமானது, புருவம் நீளமானது, கன்னத்தில் புள்ளி புள்ளியாக ஓர் அழுக்கு. பச்சையின் முகம் இதைவிட மென்மையானது.

இவ்வளவும் குருவி கீழே வந்து ஒரு நொடி நின்றால்தான் தெரியும். அது நிற்காது.

ஆனால் கத்தும். அங்கேதான் இரண்டும் சுத்தமாகப் பிரிந்துவிடுகின்றன. பச்சை இலைக்கதிர்குருவி 'சிஸ்வீ' என்று கூர்மையாக, இரண்டு அசையையும் ஒட்டி ஒரே வீச்சில் கூப்பிடும். பேரலகு 'டிர்... டீ' என்று சீட்டியடிக்கும். முதல் அசை சற்றுத் தாழ்ந்து, இரண்டாவது உயர்ந்து, நடுவில் இடைவெளியோடு வரும். ஒரு தடவை காதில் ஏறிவிட்டால் அப்புறம் குழப்பமே இல்லை.

இது புதிய வழி அல்ல. இதே பேரினத்தைச் சேர்ந்த மூன்று குருவிகள் இங்கிலாந்தில் உண்டு. அவற்றைப் பலரும் ஒன்றாகவே எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் அவை மூன்று தனி இனங்கள் என்று உறுதியாகச் சொன்னார். 1768 ஆகஸ்டில் இயற்கை ஆய்வாளர் தாமஸ் பென்னன்டுக்கு எழுதிய கடிதத்தில், அவை எப்போதும் மாறாமல் வெவ்வேறு குரலில் ஒலிப்பதை அவர் ஆதாரமாகக் காட்டினார். இன்று கையிலிருக்கும் கருவி எதுவும் இல்லாமல், பொறுமையாகக் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, குரலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? குருவிகளே அதை வைத்துத்தான் தங்கள் இனத்தை அறிகின்றன. திபெத் பீடபூமியைச் சுற்றி ஒரு வளையம்போலப் பச்சை இலைக்கதிர்குருவிகள் இனப்பெருக்கம் செய்கின்றன. மேற்குப் பக்கமாகவும் கிழக்குப் பக்கமாகவும் வடக்கே போகப் போகப் பாட்டு நீண்டு, சிக்கலாகி, வெவ்வேறு விதமாக மாறுகிறது. இரண்டு வரிசைகளும் சைபீரியாவில் மறுபடி சந்திக்கின்றன. உயிரியலாளர் டேரன் இர்வினும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே ஒரு வகையின் பாட்டை ஒலிபரப்பினால் மற்ற வகை ஆண்குருவி பெரும்பாலும் அசைவதே இல்லை என்று காட்டினார்கள். பார்வைக்கு அவற்றிடையே உள்ள வேறுபாடு சிறிதுதான்: ஒன்றுக்கு இறக்கையில் ஒரு பட்டை, மற்றதற்கு இரண்டு. ஆனால் பாட்டு மாறியதும் அந்நியமாகிவிட்டன. நாம் தொலைநோக்கியோடு புருவக்கோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்!

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கூப்பிடாத குருவிக்குப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். பறவைப் பதிவுகளை ஏற்றும் ஈபேர்ட் தளத்தில் 'இலைக்கதிர்குருவி வகை' என்று மட்டும் பதிவு செய்ய இடம் இருக்கிறது, தயங்காமல் அதைப் பயன்படுத்துங்கள். தவறான பெயரோடு ஏறும் பதிவைவிட அது எவ்வளவோ மேல். கூப்பிட்டால் உடனே கைபேசியில் பதிவு செய்யுங்கள், ஒலி மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. பறவைக் குரல்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஸீனோ காண்டோ தளத்தில் இரண்டின் குரலும் இலவசமாகக் கிடைக்கிறது, ஒப்பிட்டுக் கொள்ளலாம். பச்சை இலைக்கதிர்குருவி குளிர்காலத்திலும் தனக்கென்று ஓர் எல்லை பிடித்து, கூப்பிட்டே அதைக் காக்கும். எனவே வலசை வந்து சேரும் நாட்களிலிருந்தே காலையில் போய்க் கேட்கத் தொடங்குங்கள்.