மடை வெட்டிய மாமாவும் என் வாதமும்

நேயர்களுக்கு வணக்கம். வாதத்தில் மறுப்பை எப்படி எழுப்புவது, நம் பேச்சுக்கு எழுந்த மறுப்புக்கு எப்படிப் பதில் சொல்வது என்று பேசச் சொல்லி நிலையத்தார் கேட்டபோது, புத்தகங்களைப் புரட்டிக் குறிப்பெடுக்கத்தான் முதலில் உட்கார்ந்தேன். ஆனால் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு ஜனவரி மாதம் நான் தோற்றுப்போன வாதம் ஒன்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். மூடப்போகிற அந்தக் கடைசி வாரங்களில் எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். எனக்கு மாமா முறையாகும் ஒருவர், தன் முறைக்கு இரண்டு நாள் இருக்கும்போதே ராத்திரி மண்வெட்டியோடு போய் மடையை வெட்டி, விடிவதற்குள் அடைத்தும்விட்டார். அடைத்த இடத்தில் மட்டும் மண் ஈரமாக, கறுப்பாக, புதுசாகத் தெரிந்தது. மாட்டிக்கொண்டார்.

"எல்லாரும் இப்படி வெட்டினா கடைமடைக்கு என்ன மாமா போகும்?" என்று கேட்டேன். இதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை என்று எனக்கு நினைப்பு. ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் 1785-ல் வெளியிட்ட அறவியல் நூலில் இதற்குப் பக்கத்தில் வரும் ஒன்றைத்தான் அளவுகோலாக வைக்கிறார்: நீ எந்த விதிப்படி நடக்கிறாயோ அது எல்லாருக்கும் பொதுவிதியாகட்டும் என்று நீயே விரும்ப முடியுமா? மாமா டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும்தான் வெட்டலையே, வாத்தியாரே. நான் ஒருத்தன் ஒரு மணி நேரம் வெட்டினதுல கடைமடையில எவனுக்குக் குறைஞ்சுதுன்னு காட்டுங்க."

நல்ல மறுப்பு. எனக்குப் பதில் வரவில்லை. வரவில்லை என்றதும் நான் செய்த காரியம்தான் கேவலம், "போன வருஷம் வரப்பை நகர்த்தின ஆள்தானே நீங்க" என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள், எனக்கும் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் வரப்பு நகர்ந்தது உண்மையாகவே இருந்தாலும் அதற்கும் மடைக்கும் என்ன சம்பந்தம்? அவர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது, ஆளைத்தான் நான் அடித்திருக்கிறேன். நம் பூம்புகாரில் இந்திர விழாவுக்கு முரசறைந்தவன், சமயவாதிகளைப் பட்டிமண்டபத்துக்கு முறையறிந்து ஏறுங்கள் என்று அழைத்துவிட்டு, பகைவரோடு என்றாலும் செற்றமும் கலாமும் செய்யாதீர்கள் என்று சொல்வதாக மணிமேகலையில் வருகிறது. கோபமும் சண்டையும் வரும் என்று தெரிந்துதானே முன்கூட்டியே பறை அடித்திருக்கிறார்கள்!

நன்னூல் ஏழு மதம் என்று ஒரு பட்டியல் தருகிறது. இங்கே மதம் என்றால் கொள்கை, நூல் எழுதுகிறவன் கைக்கொள்ளும் வழி. அதில் உடன்படல்தான் முதலில் வருகிறது, மறுத்தல் அதற்கப்புறம், மூன்றாவதாகப் பிறர் மதத்தை மேற்கொண்டு களைதல். மற்றவர் சொல்வதை முதலில் தோளில் ஏற்றிக் கொஞ்ச தூரம் நடந்து பார், பிறகு இறக்கி வை என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை எடுத்து மறுக்கும் பகுதியான பரபக்கம் இப்படித்தான் நடக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதம் தொடங்கிப் பதினான்கு கொள்கைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முதலில் அவரவர் வாதத்தை அவர்களே பேசுவதுபோல் வைக்கிறார், அப்புறம்தான் மறுக்கிறார். உலகாயதன் பேச்சைப் படித்தால் ஒரு நிமிஷம் அவன் சொல்வது சரிதானே என்று தோன்றிவிடும். அப்படித் தோன்றாவிட்டால் மறுக்கிறவர் எதிராளியின் வாதத்தை ஒழுங்காகச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

எல்லாரும் இப்படிப் பொறுமையாக இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். திருவாரூர் வைத்தியநாத தேசிகர் 17-ஆம் நூற்றாண்டில் இலக்கண விளக்கம் எழுதினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அடுத்த நூற்றாண்டில் அதை மறுத்து எழுதிய நூலுக்கு வைத்த பெயரே இலக்கண விளக்கச் சூறாவளி. (அவர் மறைந்ததும் காண்டின் நூல் வந்த அதே 1785-ல்தான்.) முனிவரின் புலமைக்கு முன்னால் நானெல்லாம் தூசு, இருந்தாலும் எழுந்து பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் சூறாவளி அடிப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

சரி, மடைக்கு வருவோம். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் பதில் கிடைத்தது, அதுவும் மாமா சொன்னதை முழுசாக ஒத்துக்கொண்டபோதுதான். ஆமாம், அவர் ஒருவர் வெட்டியதால் கடைமடையில் கண்ணுக்குத் தெரிந்து எதுவும் குறையவில்லை. ஏன் குறையவில்லை? மற்றவர்கள் எல்லாம் மண்வெட்டியை வீட்டில் வைத்துவிட்டுத் தூங்கினார்கள், அதனால். அவர்கள் அடக்கி வைத்த கையில் மிஞ்சிய தண்ணீரைத்தான் இவர் எடுத்தார், அதே சலுகையைப் பக்கத்து வயல்காரர் எடுத்தால் இவரே மண்வெட்டிக் காம்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போவார். யாருக்கும் நஷ்டமில்லை என்பது சரியாகவே இருக்கட்டும், எடுத்தது நியாயம் என்று அதிலிருந்து எப்படி வரும்?

போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அது சரி" என்றார், உடனே அடுத்ததைப் போட்டார். "என் நெல்லு பால் பிடிக்கிற நேரம். இப்ப ரெண்டு நாள் காஞ்சா பதராப் போயிடும். அன்னைக்கு முறை இருந்தவன் வயல் கதிர் முத்தி அறுப்புக்கு நிக்குது, அவனுக்குத் தண்ணியே வேணாம். அவசரம் பாக்காம என்ன முறை?"

இதற்கு நான் இறங்கித்தான் வந்தேன். முறையை மீறவே கூடாது என்று ஆரம்பித்தவன், கேட்காமல் மீறக் கூடாது என்று என் பேச்சை மாற்றிக்கொண்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் வாத்தியார் பல்டி அடித்துவிட்டார் என்றார்கள். அடிக்கட்டும், அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது, அதை விட்டுவிட்டு என் பழைய பேச்சையே பிடித்துத் தொங்கியிருந்தால் வாதம் எனக்குத்தான் பொய்யாகியிருக்கும்.

போகும்போது மாமா இன்னொன்றும் கேட்டார். "கேட்டும் குடுக்காதவன்கிட்ட என்ன பண்றது?" அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. இந்த நேரம் டீக்கடை ரேடியோவில் அவர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். மாமா, பதில் கிடைத்ததும் வந்து சொல்கிறேன், அதுவரை மண்வெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

வணக்கம்.