மழையோடு கரண்டும் போகும்

வணக்கம் நேயர்களே. என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்ன வானொலி நண்பர்களுக்கு நன்றி. நான் பேசப்போவது சம்ப் பம்ப் பற்றி. சிரிக்காதீர்கள். ரொறன்ரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கமெல்லாம் நெடுங்காலம் குழாய் வேலை செய்தவன் நான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடம் "உங்கட பேஸ்மென்ற்ல பம்ப் இருக்கோ" என்று கேட்டுவிடுவேன். மேசைக்குக் கீழே மனைவி என் காலை மிதிப்பார்.

பேஸ்மென்ற் மூலையில், அநேகமாக வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பக்கத்தில், மூடி போட்ட ஒரு குழி இருந்தால் அதுதான் சம்ப். அத்திவாரத்தைச் சுற்றி மண்ணுக்குள் புதைத்த குழாயில் வடிகிற மழைநீர் இதற்குள் வந்து சேரும். தண்ணீர் உயர்ந்தால் மிதவை உயரும், பம்ப் ஓடும், தண்ணீர் வெளியே போகும். எல்லா வீட்டிலும் இது இராது. இருக்கிறவர்கள் கொஞ்சம் காதைக் கொடுங்கள்.

அந்தப் பம்ப் சுவரில் இருக்கிற ப்ளக்கில் ஓடுகிறது. பிரச்சினையே அதுதான். 2024 ஜூலை 16ஆம் திகதி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பியர்சன் விமான நிலையத்தில் 97.8 மில்லிமீற்றர் மழை, அதுவும் சில மணி நேரத்துக்குள். டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலையில் கார்கள் மிதந்தன. அதே நேரம் நகரில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. 2013 ஜூலை 8 இன்னும் மோசம்: 126 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட மூன்று லட்சம் இணைப்புகள் இருட்டில். மின்மாற்றி நிலையத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்துவிட்டது. ஆக, கரண்ட் போனதும் மழை பெய்ததும் தற்செயலாகச் சேர்ந்து வந்தவை அல்ல. பம்ப் தேவைப்படுகிற அதே மழைதான் பம்பின் கரண்டையும் வெட்டுகிறது. அதனால்தான் பற்றரியில் ஓடும் இரண்டாவது பம்ப் வேண்டும் என்கிறேன்.

சரி, அது இருந்தவர்கள் எல்லோரும் தப்பினார்களா? மார்க்கத்தில் ஒரு வீட்டுக் கதை சொல்கிறேன். பெயர் வேண்டாம். நல்ல பம்ப், நல்ல பற்றரி, சுவரில் சார்ஜர் பெட்டி, எல்லாம் முறையாகப் பூட்டியிருந்தது. வெள்ளம் வந்த அன்று கணுக்காலுக்கு மேலே தண்ணீர். "தம்பி, எல்லாம் இருக்கு, ஏன் ஓடேல்லை?" என்று என்னிடம் கேட்டார்கள். பார்த்தால் சார்ஜரின் ப்ளக் கழற்றிக் கிடக்கிறது. யார் கழற்றினது? ஒருவருக்கும் தெரியாது. தேத்தண்ணி குடித்துக்கொண்டே கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினேன். முந்தைய மாரியில் வீட்டுக்குள் எங்கேயோ 'பீப், பீப்' என்று சத்தம். மருமகன் புகை அலாரம் என்று நினைத்து அதற்குப் புது பற்றரி போட்டார். சத்தம் நிற்கவில்லை. புகை அலாரத்தையே மாற்றினார். அப்போதும் நிற்கவில்லை. பேஸ்மென்ற்றில் இருந்த மாமிக்குச் சாமி கும்பிடும் நேரத்தில் இந்தச் சத்தம் பெரிய கரைச்சல். அவர் காதைக் கொடுத்துத் தேடிப் போய்ப் பெட்டியைக் கண்டுபிடித்து, ப்ளக்கை இழுத்துவிட்டார், பற்றரி வயரையும் சேர்த்து. வீடு அமைதியாகிவிட்டது! மாமியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சத்தம் 'பற்றரி பலவீனமாகிவிட்டது, மாற்றுங்கள்' என்ற அறிவிப்பு என்று அவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. பூட்டினவர் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பம்ப் வருடக்கணக்கில் கிடக்கும். பற்றரி கிடக்காது. மூன்று முதல் ஐந்து வருடத்தில், ஒரு தடவைகூடப் பம்ப் ஓடாவிட்டாலும், அது களைத்துவிடும். ஆகவே பூட்டிய மாதத்தையும் வருடத்தையும் மார்க்கரால் பற்றரியின் மேலேயே எழுதிவிடுங்கள். அப்புறம், கார் பற்றரி போடாதீர்கள். இதைத் திரும்பவும் சொல்கிறேன், கார் பற்றரி வேண்டாம். அது எஞ்சினைத் தட்டி எழுப்ப ஒரு கணம் பலமாகக் கொடுக்கிற சாமான். மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது டீப் சைக்கிள் பற்றரி, கடையில் மரீன் பற்றரி என்றும் சொல்வார்கள். தண்ணீர் விடுகிற வகை என்றால் மூடியைத் திறந்து பார்த்து காய்ச்சி வடித்த நீர் மட்டும் விடுங்கள், குழாய்த் தண்ணீர் கூடாது. அந்த வேலை வேண்டாம் என்றால் ஏஜிஎம் என்ற மூடிய வகை உண்டு, விலை கொஞ்சம் கூட. 100 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்து, பம்ப் 10 ஆம்பியர் இழுத்தால், காகிதத்தில் பத்து மணி நேரம். நிஜத்தில் குறையும். ஆனால் பம்ப் விட்டு விட்டுத்தானே ஓடும், அதனால் சமாளிக்கலாம்.

எவ்வளவு பலமான பம்ப்? கடைக்காரரைக் கேட்கும் முன் குழியைக் கேளுங்கள். நல்ல மழை நாளில் பம்பை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று பாருங்கள். 18 அங்குல விட்டமுள்ள குழியில் ஓர் அங்குலம் என்றால் ஏறக்குறைய 4 லீற்றர். நிமிடத்துக்கு ஐந்து அங்குலம் ஏறினால் 20 லீற்றர். அதைவிட நன்றாகக் கூடுதலாக இறைக்கிற பம்ப் வேண்டும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிற எண்ணை நம்ப வேண்டாம், அது உயரமே இல்லாமல் இறைத்த கணக்காக இருக்கலாம். பத்தடி உயரத்துக்கு எவ்வளவு என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். இரண்டாவது பம்பின் மிதவை முதலாவதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற தனித்தனி செக் வால்வும் வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று இறைக்கிற தண்ணீர் மற்றது வழியாகத் திரும்பக் குழிக்கே வரும்.

இனிப் பரிசோதனை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முக்கியமாகப் பனி உருகும் முன்னே, சுவர்க் கரண்டில் ஓடும் பெரிய பம்பின் ப்ளக்கைக் கழற்றுங்கள். வாளி வாளியாகக் குழிக்குள் தண்ணீர் ஊற்றுங்கள். பற்றரியில் ஓடும் சின்னப் பம்பின் சத்தம் கேட்டால் போதாது, ஒருவர் வெளியே போய்த் தண்ணீர் கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, தயவுசெய்து, பெரிய பம்பின் ப்ளக்கைத் திரும்பப் போடுங்கள். பரிசோதனை செய்துவிட்டு அதை மறந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருதரம் குழியில் இருக்கிற சேறு, சிறுகல்லு எல்லாம் அள்ளுங்கள், மிதவை எதிலும் மாட்டாமல் இருக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமாம். எழுதி வந்ததில் பாதி இன்னும் இருக்கிறது. ஓடி ஓடிச் சொல்கிறேன். நகரக் குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தாலேயே ஓடுகிற பம்பும் உண்டு. பற்றரி தேவையில்லை, ஆனால் தண்ணீர் பில் ஏறும், கிணற்று வீட்டுக்குச் சரிவராது, பூட்ட முன்னே நகரசபையில் கேட்க வேண்டும். ஜெனரேற்றர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட விடாதீர்கள், அதன் புகை ஆளைக் கொல்லும். வெளிக்குழாயின் வாய் குளிர்காலத்தில் உறைந்து அடைபடும், சுவரிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி, சரிவாக விடுங்கள். ரொறன்ரோ மாநகராட்சி சம்ப் பம்புக்கு மானியம் தருகிறது. வேலையைத் தொடங்க முன்னே விதிகளைப் படியுங்கள், ரசீதுகளை வையுங்கள். காப்புறுதிக்காரருக்குப் போன் போட்டு, சாக்கடை திரும்பி வருவதற்கும் வெளி வெள்ளத்துக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் அவை பெரும்பாலும் மேலதிகமாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டியவை. சாக்கடை வீட்டுக்குள் திரும்பி வராமல் தடுக்கும் பின்னடைப்பு வால்வு பற்றியும் சொல்ல இருந்தேன், அது தனிக் கதை, கூப்பிட்டால் இன்னொரு நாள் வருகிறேன். வணக்கம்.